சரிசெய்யலாமா, மாற்றிவிடலாமா? வாஷிங் மெஷின் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

வாஷிங் மெஷின் தொடர்பாக வந்திருக்கும் கடிதங்கள் பலவற்றிலும் ஒரே கேள்விதான் வேறு வேறு வடிவில் இருக்கிறது: இதைச் சரிசெய்யலாமா, மாற்றிவிடலாமா? இயந்திரத்தின் வயதை மட்டும் வைத்து அதற்கு விடை சொல்ல முடியாது. எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது, அது ஏன் தேய்ந்தது, அதைத் தனியாக மாற்ற வழி உண்டா என்ற மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகே சொல்ல முடியும். ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஃபிரண்ட் லோடு இயந்திரத்தை வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. துவைக்கும்போது அமைதியாக இருக்கிறது. பிழியும் கட்டம் வந்ததும் வீடே அதிரும்படி உறுமுகிறது. பார்க்க வந்தவர், டப் முழுவதையும் மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்குப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்கிறார். வேறு வழியே இல்லையா?
– வாசகர், தாம்பரம்

பதில்: வழி உண்டா இல்லையா என்பது உங்கள் இயந்திரத்தின் டப், அதாவது ட்ரம்மைச் சூழ்ந்து தண்ணீரைப் பிடித்துவைக்கும் வெளித்தொட்டி, எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமலே புதிது வாங்கச் சொன்னால் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் பேரிங் தேய்மானத்தைக் காட்டுகின்றன. ஃபிரண்ட் லோடு இயந்திரத்தில் துணி கிடக்கும் எஃகு ட்ரம்முக்கு முன்பக்கத்தில் தாங்கல் எதுவும் கிடையாது; பின்பக்கத்துத் தண்டு ஒன்றே அதன் முழு எடையையும் சுமக்கிறது. அந்தத் தண்டை இரண்டு பேரிங்குகள், அதாவது தண்டு எளிதாகச் சுழல உதவும் எஃகுக் குண்டுகள் அடங்கிய வளையங்கள், தாங்குகின்றன. பேரிங்குகளுக்கும் டப்பிலுள்ள சோப்புத் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஒரு ரப்பர் சீல் மட்டுமே. பெரும்பாலும் முதலில் தேய்வது இந்தச் சீல்தான். அதன் உதடு தேய்ந்ததும் தண்ணீர் துளித்துளியாக உள்ளே கசிந்து கிரீஸை வெளியேற்றிவிடுகிறது. கிரீஸ் போனபின் எஃகுக் குண்டுகள் துருப்பிடித்துச் சொரசொரப்பாகின்றன. துவைக்கும் கட்டத்தில் ட்ரம் நிமிடத்துக்கு ஐம்பது சுற்று அளவில்தான் சுழல்கிறது என்பதால் இந்தக் குறை அப்போது காதுக்கு எட்டுவதில்லை. பிழியும்போதுதான் அது வெளிப்படுகிறது.

வேகம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 48 செ.மீ. விட்டமுள்ள ட்ரம் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுழலும்போது, அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஈரத்துணி தன் எடையைப் போல ஏறத்தாழ 380 மடங்கு விசையுடன் வெளிப்புறமாக அழுத்துகிறது. வேகத்தை 800 சுற்றாகக் குறைத்தால் அந்த விசை 170 மடங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. துணி ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால் அந்தச் சுமை முழுவதும் தண்டையும் பேரிங்குகளையும் தாக்குகிறது. தினசரிப் பருத்தித் துணிகளை நம் ஊர் வெயிலில் உலர்த்துபவர்களுக்கு 800 சுற்றே போதும் என்பது என் உறுதியான கருத்து. எப்போதும் அதிகபட்ச வேகத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பது பேரிங்கின் ஆயுளைத் தேவையில்லாமல் செலவழிப்பதாகும்.

இனி நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை. பிளக்கைக் கழற்றிவிட்டு, காலி ட்ரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் ஓசையின்றி வழுக்கிக்கொண்டு சுழலும். கெட்டது கரகரவென்று கைக்கே தெரியும். அடுத்து ட்ரம்மின் முன்விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். ட்ரம்மும் அதைச் சூழ்ந்த டப்பும் சேர்ந்து ஸ்பிரிங்கில் ஆடினால் அது இயல்பு. டப் அசையாமலிருக்க ட்ரம் மட்டும் ‘டக்’ என்று ஏறி இறங்கினால் பேரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். பின் மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது தண்டைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் நீர் வடிந்த தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பேரிங்கை விடப் பெரிய பழுது ஒன்று உண்டு. ட்ரம்மையும் தண்டையும் இணைக்கும் மூன்று கை கொண்ட உலோகத் தாங்கியை மெக்கானிக்குகள் ஸ்பைடர் என்பார்கள். ட்ரம் துருப்பிடிக்காத எஃகினால் ஆனது. ஸ்பைடர் பெரும்பாலான இயந்திரங்களில் அலுமினியக் கலப்பு உலோகம். இரண்டு வேறுபட்ட உலோகங்கள் காரத்தன்மையுள்ள சோப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டே இருந்தால் அலுமினியம் மெல்ல அரிக்கப்படுகிறது. ட்ரம்மின் முதுகுப்புறத்தில் சோப்புக் கசடு படிந்து, ஈரம் உலராமலே இருக்கும் வீடுகளில் இந்த அரிப்பு விரைவாக நடக்கிறது. ஒரு கை முறிந்தால் ட்ரம் கோணலாகச் சுழன்று டப்பையே கிழித்துவிடக்கூடும். உறுமலுடன் உலோகம் மோதும் ஓசையும் கேட்டால், அல்லது சுழலும் ட்ரம் கதவு விளிம்புக்கு இணையாக இல்லாமல் தள்ளாடினால், பழுது பார்க்கும்வரை இயந்திரத்தை ஓட்டவே கூடாது.

இப்போது டப்புக்கு வருவோம். பிளாஸ்டிக் டப் இரண்டு பாதிகளாகச் செய்யப்படுகிறது. சில மாடல்களில் அந்தப் பாதிகளைத் திருகுகளும் கிளிப்புகளும் சேர்த்துப் பிடிக்கின்றன. அவற்றைப் பிரித்து இரண்டு பேரிங்குகளையும் சீலையும் மாற்றிவிடலாம், டப்பை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. வேறு சில மாடல்களில் பாதிகள் வெப்பத்தால் ஒட்டப்பட்டிருக்கும். அங்கே நிறுவனத்தின் வழி, டப்பை மொத்தமாக மாற்றுவதுதான். அனுபவமுள்ள சில மெக்கானிக்குகள் ஒட்டுப்போட்ட டப்பையும் அறுத்துப் பேரிங் மாற்றி, ஒழுகாமல் அடைக்கும் சீலண்ட் பசை வைத்துத் திருகு போட்டு மூடுகிறார்கள். வேலையில் தேர்ந்தவர் செய்தால் அது நிற்கும். ஆனால் ஒழுகினால் மீண்டும் செய்து தருவேன் என்று எழுதிக் கொடுப்பவரிடம் மட்டுமே அதை ஒப்படையுங்கள்.

வேலையை ஒப்படைக்கும்போது சிலவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரிங்குகளையும் சீலையும் ஒன்றாக மாற்ற வேண்டும். கூலியில் பெரும்பகுதி இயந்திரத்தைப் பிரித்துச் சேர்ப்பதற்கே போகிறது என்பதால் பாதி வேலை செய்வது மிச்சமாகாது. பழைய பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணையே புதிதிலும் பார்த்து வாங்க வேண்டும். போலிகள் புழங்கும் பொருள் என்பதால் பேரிங்கை அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்குவது நல்லது. தண்டில் சீல் உட்காரும் இடம் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பள்ளம் இருந்தால் புதுச் சீல் சில மாதங்களிலேயே ஒழுகும், அப்போது ஸ்பைடரையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி. இவ்வளவையும் சேர்த்த செலவு, அதே அளவுள்ள புதிய இயந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் தயங்காமல் சரிசெய்துகொள்ளுங்கள். பாதியைத் தாண்டினால் மாற்றுவதில் தவறில்லை. வேலை நடக்கும்வரை பிழியும் வேகத்தைக் குறைத்து வையுங்கள், ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். சிதைந்த பேரிங்குடன் ஓட்ட ஓட்டத் தண்டும் தேய்ந்து, தண்ணீர் பின்புறம் ஒழுகி மின்பாகங்களில் விழத் தொடங்கும்.

கேள்வி: எங்கள் பகுதியில் போர்வெல் தண்ணீர்தான். கருப்புத் துணிகளில் வெள்ளைத் திட்டுகள் படிகின்றன. வெந்நீரில் துவைக்கும் புரோகிராம் முன்பைவிட நீண்ட நேரம் எடுக்கிறது. மாதம் ஒரு பாக்கெட் உப்பு நீக்கும் பவுடர் போட வேண்டும் என்கிறார்கள். உண்மையிலேயே தேவையா?
– வாசகி, திருப்பூர்

பதில்: உங்களுக்குத் தேவைப்படும், எல்லோருக்கும் தேவைப்படாது. போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. வெந்நீர் வைக்கும் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படர்வது இதுவே. இயந்திரத்துக்குள் இது முதலில் போய் ஒட்டுவது ஹீட்டரின் மேல்தான். படிவம் தடிக்கத் தடிக்க ஹீட்டரின் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் அதற்குள்ளேயே தேங்குகிறது. தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கிறது, ஹீட்டர் தன் அளவை மீறிக் கொதித்து நாளடைவில் வெடித்துவிடுகிறது. வெடித்த ஹீட்டரில் தண்ணீர் நுழைந்தால் மின்கசிவு ஏற்பட்டு வீட்டு மெயின் டிரிப் ஆகும். எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே துவைப்பவர்களின் ஹீட்டரில் இவ்வளவு படிவதில்லை என்பதால் அவர்களுக்கு மாதாமாதம் பவுடர் தேவையில்லை.

முதலில் உங்கள் தண்ணீரை அளந்து பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. துவைப்பதற்கும் இதையே ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். 200-க்குள் இருந்தால் ஆண்டுக்கு இருமுறை சுத்தம் செய்வதே போதும். 200-க்கும் 600-க்கும் நடுவில் இருந்து வெந்நீரும் பயன்படுத்தினால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். 600-ஐத் தாண்டினால் வீட்டுக்கு வரும் தண்ணீரையே மென்மையாக்கும் சாதனம் வைப்பது நல்லது; அது வாஷிங் மெஷினோடு வாட்டர் ஹீட்டரையும் காப்பாற்றும்.

பவுடருக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் ஏறத்தாழ 100 கிராம் எடுத்துக் காலி ட்ரம்மில் போட்டு, 60 டிகிரி வெந்நீர் புரோகிராமில் ஒருமுறை ஓடவிட்டு, பின்னர் வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதுமானது. அதோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். நல்லதுதானே என்று வாரந்தோறும் செய்வதும் வேண்டாம். முந்தைய பதிலில் சொன்ன அலுமினிய ஸ்பைடரை அமிலமும் அரிக்கும்.

துணியில் படியும் திட்டுகள் இரண்டு காரணத்தால் வரலாம்: கரையாமல் நின்ற சோப்புத்தூள், அல்லது கடினநீரின் உப்பும் தூளிலுள்ள சோடாவும் சேர்ந்த படிவு. தூளுக்குப் பதில் திரவ டிடர்ஜென்டுக்கு மாறி, ஒரு அலசல் கூடுதலாக வையுங்கள். குழாயில் மாட்டும் சிறிய ஃபில்டர் குடுவைகள் உப்பை நீக்குவதில்லை. அவற்றிலுள்ள பாலிபாஸ்பேட் உப்புப் படிவதை ஓரளவு தடுக்கிறது, அவ்வளவே. உள்ளிருக்கும் மருந்து கரைந்து தீர்ந்த பிறகும் குடுவையை மாட்டி வைத்திருப்பதில் பயனில்லை.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக உழைத்துவரும் செமி ஆட்டோமேட்டிக் இயந்திரம் எங்களுடையது. துவைக்கும் பக்கம் நன்றாக ஓடுகிறது. பிழியும் பக்கத்தில் ‘உம்’ என்ற ஓசை மட்டும் வருகிறது, சுற்றவில்லை. இந்த வயதுக்கு மேல் இதற்குச் செலவு செய்வது வீண் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, வீண் அல்ல. வீட்டில் புழங்கும் வாஷிங் மெஷின்களிலேயே எளிதாகவும் மலிவாகவும் பழுதுபார்க்கக்கூடியது உங்களிடம் இருப்பதுதான். துவைப்பதற்கு ஒரு மோட்டார், பிழிவதற்கு ஒரு மோட்டார், இரண்டு டைமர்கள், ஒரு பெல்ட், ஒரு கெப்பாசிட்டர் பெட்டி, ஒரு பிரேக் என்று அதன் பாகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மின்னணுப் பலகை கிடையாது என்பதால் மின்னழுத்தம் ஏறி இறங்குவதும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

ஓசை வருகிறது என்பதால் மூடியின் சுவிட்சும் டைமரும் மோட்டாருக்கு மின்சாரத்தை அனுப்புகின்றன என்று தெரிகிறது. மோட்டார் திரும்ப முடியாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணங்கள் மூன்று. முதலாவது, மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். இது விலை குறைந்த பாகம். இரண்டாவது, மூடியைத் திறந்தால் தொட்டியை நிறுத்தும் பிரேக், மூடிய பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதன் கம்பி நீண்டுவிட்டாலோ துருப்பிடித்தாலோ இப்படி நேரும். மூன்றாவது, கைக்குட்டை, காலுறை போன்ற சிறு துணி ஏதேனும் பிழியும் தொட்டிக்கு அடியில் விழுந்து சுற்றிக்கொண்டிருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, மூடியை மூடிய நிலையில் பின்புறத் தகட்டின் வழியாக மோட்டாரின் மேலுள்ள பிரேக் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தாலே இவற்றைப் பிரித்தறியலாம்: தாராளமாகச் சுற்றினால் கெப்பாசிட்டர், இறுகி நின்றால் பிரேக் அல்லது துணி. கெப்பாசிட்டர் பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் அந்தச் சோதனையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

அவர் வரும்போது இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பிழியும் தொட்டியின் அடியில் தண்டைச் சுற்றி மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்று இருக்கும். அது கிழிந்திருந்தால் தண்ணீர் நேராக மோட்டாரின் மேல் சொட்டும். பல வீடுகளில் மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டு இந்த ரப்பரை விட்டுவிடுகிறார்கள். புது மோட்டாரும் அதே வழியில் போய்விடுகிறது. மேலும், மூடியைத் திறந்தவுடன் சுழலும் தொட்டி சில விநாடிகளில் நிற்க வேண்டும். நிற்காமல் நெடுநேரம் சுழன்றால் பிரேக் தேய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யும்வரை குழந்தைகளை அருகில் விடாதீர்கள், தொட்டி முழுவதுமாக நிற்காமல் துணியில் கைவைக்காதீர்கள்.

கேள்வி: டாப் லோடு இயந்திரம் பிழியும்போது டமடமவென்று இடித்துக்கொண்டு நகர்ந்தே போகிறது. அடியில் ரப்பர் வைத்தும் பயனில்லை.
– வாசகர், வேலூர்

பதில்: ரப்பர் வைப்பதற்கு முன் உள்ளே தொங்கும் கம்பிகளைப் பார்க்க வேண்டும். டாப் லோடு இயந்திரத்தில் டப்பை நான்கு மூலைகளிலிருந்து நான்கு சஸ்பென்ஷன் கம்பிகள் தொங்கவிட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழ் முனையிலும் ஸ்பிரிங்கும், ஆட்டத்தை அடக்கும் கிண்ணமும் உண்டு. காலி டப்பின் விளிம்பைக் கையால் அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கிவிட்டால் கம்பிகள் நலம்; மூன்று நான்கு முறை துள்ளினாலோ, டப் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றாலோ கம்பிகள் உழைப்பை முடித்துக்கொண்டன. பழுதான ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதும் புதியதும் வேறு வேறு விசையில் இழுக்கும் என்பதால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பெரிய செலவில்லாத வேலை இது. கம்பிகள் நன்றாக இருந்தும் இடித்தால், கனமான ஜமுக்காளத்தையோ போர்வையையோ தனியாகப் போடுகிறீர்களா என்று கவனியுங்கள். தனித்த ஒரு கனத்துணி எப்போதும் ஒரு பக்கமாகவே சுருண்டு நிற்கும்.

கேள்வி: ஈரக் கையுடன் மெஷினைத் தொட்டால் சுள்ளென்கிறது. எல்லா மெஷினும் இப்படித்தான் என்று எலக்ட்ரீசியன் சொல்லிவிட்டார்.
– வாசகி, காரைக்குடி

பதில்: அந்தப் பேச்சை நம்பி இன்னொரு முறை கூட இயக்காதீர்கள். எர்த் சரியாக இருக்கும் வீட்டில் எந்த இயந்திரமும் இப்படிச் செய்யாது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மின்னணு இயந்திரங்களில் மின்இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று உண்டு. அதிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போகும்படி அமைத்திருப்பார்கள். எர்த் கம்பி அறுந்திருந்தால் அது உடல் தகட்டிலேயே தேங்கித் தொடுபவருக்குச் சுருக்கென்று தைக்கும். மற்றொரு காரணம், ஹீட்டரிலோ மோட்டாரிலோ உண்மையான மின்கசிவு. இது உயிரைப் பறிக்கக்கூடியது. வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய யாராலும் முடியாது. டெஸ்டர் விளக்கு இரண்டுக்குமே எரியும்.

ஆகவே முதலில் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளைப் பாயிண்ட் இருந்தும் மூன்றாவது துளையில் கம்பியே இல்லாமலிருப்பது உண்டு. எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையும் எர்த் முனையையும் பிளக்கிலேயே இணைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் கம்பி எங்காவது விட்டுப்போனால் இயந்திரத்தின் தகடு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும் என்பதால் இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எர்த்தைச் சரிசெய்த பிறகு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை வீட்டு மெயினில் பொருத்திக்கொள்ளுங்கள். அது வாஷிங் மெஷினுக்காக மட்டுமல்ல, வீட்டிலுள்ள அனைவருக்காகவும்.

கேள்வி: மூன்று ஆண்டுகளில் இரண்டாவது முறையாக போர்டு போய்விட்டது என்கிறார்கள். புது போர்டின் விலை மலைக்க வைக்கிறது. ஸ்டெபிலைசர் வைத்தால் தீருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: காரணம் தெரியாமல் மூன்றாவது போர்டை வாங்காதீர்கள். இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டைக் கெடுப்பவை மின்னழுத்தம், ஈரம், எலி, கரப்பான் பூச்சி ஆகியவை. எலி கடித்த கம்பியை அப்படியே விட்டு போர்டை மாற்றினால் புதியதும் அதே கம்பியால் எரியும். இயந்திரத்தின் அடிப்பகுதி திறந்திருந்தால் கம்பி வலையோ அடிமூடியோ பொருத்துங்கள். சோப்புப் பெட்டியின் குழாய் இணைப்பிலிருந்து சொட்டு ஒழுகி போர்டின் மேல் விழுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மின்னழுத்தத்தைப் பொறுத்தவரை, உங்கள் தெருவில் அது அடிக்கடி தாழ்ந்து உயர்ந்தால் ஸ்டெபிலைசர் உதவும். ஹீட்டர் உள்ள ஃபிரண்ட் லோடு 2,000 வாட் வரை இழுக்கும் என்பதால் அதற்கேற்ற திறனுள்ளதை வாங்க வேண்டும். ஆனால் மும்முனை இணைப்புள்ள வீட்டில் பொது நியூட்ரல் தளர்ந்துவிட்டால் ஒரு முனையில் 400 வோல்ட் வரை ஏறக்கூடும். வீட்டில் விளக்குகள் திடீரென்று பளீரிட்டு மங்கும் வழக்கம் இருந்தால் மீட்டர் பெட்டியிலுள்ள நியூட்ரல் இணைப்பை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குறைக்கு ஸ்டெபிலைசர் மருந்தாகாது.

பழைய போர்டைத் தூக்கி எறியாதீர்கள் என்பதையும் வலியுறுத்திச் சொல்வேன். முழுப் பலகையும் போய்விட்டது என்று சொல்லப்படும் பலவற்றில் எரிந்திருப்பது ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கி உயிர்விடும் வேரிஸ்டர் அல்லது மின்வழங்கும் பகுதியிலுள்ள ஒரு சிறு ஐ.சி. மட்டுமே. கோவையிலும், சென்னை ரிச்சி தெருவைப் போன்ற மின்னணுச் சந்தைகளிலும், பாகம் பாகமாகச் சோதித்துச் சரிசெய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரம் புகாமலிருக்கப் பலகையின் மேல் பிசின் ஊற்றி மூடிய மாடல்களில் மட்டும் இது கடினம்.

கேள்வி: துவைத்த துணியிலேயே பூஞ்சை நாற்றம் அடிக்கிறது. கதவு ரப்பரில் கருப்புப் புள்ளிகள் வந்துவிட்டன.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மழை மிகுந்த ஊரில் இது எளிதில் வரும். தேவைக்கு மேல் சோப்பும் ஃபேப்ரிக் கண்டிஷனரும் போட்டு, எப்போதும் குளிர்ந்த நீரிலேயே துவைத்து, முடிந்ததும் கதவை மூடிவிடுவதால் ட்ரம்மின் முதுகிலும் ரப்பர் மடிப்பிலும் கசடு தங்கிக் கிருமிகள் வளர்கின்றன. மாதம் ஒருமுறை துணி இல்லாமல் 60 டிகிரியில் ஓடவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ரப்பர் மடிப்பைத் துடைத்து, கதவையும் சோப்புப் பெட்டியையும் திறந்தே வையுங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அவர்கள் உள்ளே ஏறாதபடி அந்த அறையைப் பூட்டிவையுங்கள். கீழே முன்புறம் இருக்கும் வடிகால் ஃபில்டரைக் கழற்றினால் நாணயமும் நூலும் சேற்றுடன் கிடக்கும்; நாற்றத்தில் பாதி அங்கிருந்தே வருகிறது. ரப்பர் கிழியாமல் புள்ளி மட்டும் இருந்தால் அதை மாற்றத் தேவையில்லை.

கேள்வி: மோட்டாருக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் என்று சொல்லி விற்றார்கள். ஐந்தாம் ஆண்டில் ஒரு பாகம் கிடைக்கவில்லை, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய முடியும்?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: அந்தப் பத்து ஆண்டு மோட்டாருக்கு மட்டும் உரியது. போர்டு, பம்ப், பேரிங், கதவுப் பூட்டு எதுவும் அதில் அடங்காது. மோட்டாரை மாற்றும்போதும் வருகைக் கட்டணம் தனியாகக் கேட்கப்படலாம். வாங்கும்போதே உத்தரவாத அட்டையை முழுவதும் படித்து, போர்டுக்கும் டப்புக்கும் எத்தனை ஆண்டு என்று கேட்பதுதான் பயன் தரும் கேள்வி. வழக்கமாக முதலில் பழுதாவது மோட்டார் அல்ல.

பாகம் இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னதை ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. நிறுவனங்கள் அதில் தங்கள் உதிரிபாகம், சேவை தொடர்பான விவரங்களை வெளியிடுகின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் அடங்கும் வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செல்ல வேண்டும். ரசீது, சர்வீஸ் தாள்கள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, ஒரு மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு மோட்டார், பம்ப், ட்ரம், ஸ்பைடர், பேரிங் உள்ளிட்ட உதிரிபாகங்களைத் தயாரிப்பாளர் கொடுத்தாக வேண்டும். அத்தகைய கட்டாயம் நம் நாட்டிலும் வர வேண்டும். ஒரு சிறு பாகம் கிடைக்காததால் ஐந்து வயதான இயந்திரம் குப்பைக்குப் போவது, அதை வாங்கச் சேமித்த குடும்பத்துக்கு இழைக்கப்படும் அநீதி.

கேள்வி: மதுரையிலிருந்து சென்னைக்கு வீடு மாற்றுகிறோம். ஃபிரண்ட் லோடு இயந்திரத்தை ஏற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: புதிதாக வந்தபோது பின்புறத்தில் மூன்று அல்லது நான்கு நீண்ட போல்ட்டுகளைக் கழற்றிக் கொடுத்திருப்பார்கள்; அவற்றை மீண்டும் பூட்ட வேண்டும். அவை டப்பை அசையாமல் உடலோடு பிடித்துவைப்பவை. அவை இல்லாமல் லாரியில் ஏற்றினால் வழியெல்லாம் டப் ஆடி ஸ்பிரிங்குகளும் ஆட்டத்தை அடக்கும் டாம்பர்களும் சேதமாகும். தொலைந்துபோயிருந்தால் உங்கள் மாடலின் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் வாங்கிக்கொள்ளலாம். ஏற்றுவதற்கு முன் வடிகால் ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். இயந்திரத்தை நின்ற நிலையிலேயே கட்டி எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். புதிய வீட்டில் நான்கு கால்களையும் மட்டம் பார்த்து இறுக்கி, போல்ட்டுகள் அனைத்தையும் கழற்றிய பிறகே இயக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் முதல் பிழிதலிலேயே டப் உடையக்கூடும்.